எலக்ட்ரிக் காரில் ஊருக்கு: நெடுஞ்சாலை வேகச் சார்ஜரை முதல் தடவை பயன்படுத்துகிறவர்களுக்கு

அக்கா வீட்டில் எலக்ட்ரிக் கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. தாம்பரத்திலிருந்து ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எப்போதாவது மாமல்லபுரம் என்று எல்லா ஓட்டமும் வீட்டில் மாட்டிய சார்ஜரிலேயே முடிந்துவிட்டது. பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயிலுக்குப் போகவேண்டும் என்றதும்தான் அத்தானுக்குக் கலக்கம் வந்தது. "ஏ மாப்ள, அறுநூறு கிலோமீட்டர். நடுவழியில நின்னுட்டுன்னா பிள்ளைகள வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று ராத்திரி போனில் கேட்டார். அதே சாலையில் மூன்று வருஷமாக எலக்ட்ரிக் காரில் போய்வருகிறேன். அன்றைக்கு அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் காரில் முள் கீழே இறங்கும்வரை ஓட்டுவோம், பங்க்கில் டேங்க் வழிய நிரப்புவோம். எலக்ட்ரிக் காரில், நெடுஞ்சாலையில் போகும்போது, இந்த இரண்டுமே தப்பு. 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே சார்ஜருக்குப் போய்ச் சேரவேண்டும், 80 சதவீதம் ஆனதும் கிளம்பிவிட வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் பிடிபடும்.

கிலோவாட்டும் யூனிட்டும்

யூனிட் நமக்குத் தெரிந்ததுதான். ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட். கார் பேட்டரியையும் அந்தக் கணக்கில்தான் அளக்கிறார்கள். அத்தானின் காரில் 45 யூனிட் பிடிக்கும். கிலோவாட் என்பது அந்த மின்சாரம் ஏறும் வேகம். குடத்தில் சேர்ந்த தண்ணீர் யூனிட் என்றால், குழாயில் தண்ணீர் விழுகிற வேகம் கிலோவாட். 30 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஏறினால் 30 யூனிட் சேரும்.

வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம், அதாவது மாறுதிசை மின்சாரம். பேட்டரி சேமித்து வைப்பது டி.சி., நேர்திசை மின்சாரம். ஆகவே நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். வீட்டில் சார்ஜ் போடும்போது காருக்குள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. பல கார்களில் அதன் திறன் 3.3 அல்லது 7.2 கிலோவாட்தான். அதனால்தான் ராத்திரி முழுக்கப் போடவேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் பீரோ அளவுக்கு நிற்கிறதே, அதற்குள் இருப்பதும் அதே மாற்றிதான், பல மடங்கு பெரிதாக. அது டி.சி. மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கே கொடுத்துவிடுகிறது.

இதில் புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சார்ஜர் தேடுகிற ஆப்பில் ஊர்ப் பெயரைத் தேடினால் ஏ.சி. பாயின்ட், டி.சி. சார்ஜர் இரண்டும் கலந்து வரும். 'சார்ஜர் இருக்கிறது' என்று நம்பிப் போனால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டிய 7 கிலோவாட் பாயின்ட்டாக இருக்கும். தேடும்போதே 'டி.சி.', 'சி.சி.எஸ். 2' என்ற இரண்டையும் குறித்துவிடுங்கள். இப்போது நம் நாட்டில் விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சி.சி.எஸ். 2 என்ற வகைக் கன்தான், அதாவது சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் செருகி. உங்கள் காரின் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே வட்டத்துக்குள் ஏழு முனைகள், கீழே இரண்டு பெரிய துளைகள் இருக்கும். வீட்டுக் கன் மேலே மட்டும் செருகும். வேகச் சார்ஜரின் கன் கீழே உள்ள துளைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கீழ்த் துளைகளை ஒரு ரப்பர் மூடி மறைத்திருக்கும், முதலில் அதைக் கழற்ற வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் முட்டி முட்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

60 என்று எழுதியிருந்தால் 60 வருமா?

அநேகமாக வராது. இதைச் சார்ஜரின் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சார்ஜர் கொடுக்கத் தயாராக இருப்பது ஒன்று, கார் வாங்கக்கூடியது ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் நடக்கும். ஹூண்டாய் அயோனிக் 5 காரை 350 கிலோவாட் சார்ஜரில் போட்டால் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு 18 நிமிடத்தில் போய்விடும் என்கிறது கம்பெனி. அதே காரை 60 கிலோவாட் சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். டியாகோ போன்ற சின்ன எலக்ட்ரிக் காரை எவ்வளவு பெரிய சார்ஜரில் போட்டாலும் 10-லிருந்து 80-க்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான், ஏனென்றால் அதற்கு அவ்வளவுதான் வாங்கமுடியும். உங்கள் கார் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் டி.சி. வாங்கும் என்பதை வாகனக் கையேட்டில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்தே எந்தச் சார்ஜருக்காகக் காத்திருக்கலாம், எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவெடுக்க முடியும்.

அடுத்தது, ஒரே பெட்டியில் இரண்டு கன் தொங்கும். பல பெட்டிகளில் 60 என்பது இரண்டுக்கும் சேர்த்து. நீங்கள் மட்டும் நிற்கும்வரை மொத்தமும் உங்களுக்கு. பக்கத்தில் இன்னொரு கார் வந்து மாட்டினால் ஆளுக்கு 30. திரையில் வேகம் திடீரென்று பாதியாக விழுந்தால் முதலில் பக்கத்துக் காரைப் பாருங்கள். தனித்தனிப் பெட்டிகள் இருக்கிற இடமாக இருந்தால் ஆள் இல்லாத பெட்டியில் மாட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி 80 சதவீத விஷயம். சாக்கில் நெல் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மரக்கால் மரக்காலாகக் கொட்டலாம். வாய் நெருங்க நெருங்கக் குலுக்கிக் குலுக்கித்தான் போடவேண்டும், அவசரப்பட்டால் வெளியே சிந்தும். பேட்டரிக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி மறுமுனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. அடுக்குகள் காலியாக இருக்கும்போது மளமளவென்று ஏறும். நிரம்பும் நேரத்தில் வேகமாகத் தள்ளினால் உள்ளே இடம் கிடைக்காத லித்தியம் வெளியே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம். அதனால் காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி 80-ஐ நெருங்கும்போதே 'மெதுவாகக் கொடு' என்று சார்ஜரிடம் கேட்டுவிடுகிறது. என் காரில் 20-லிருந்து 80-க்கு ஏறுகிற நேரமும் 80-லிருந்து 100-க்கு ஏறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான், நாற்பது நிமிடம். அந்த இரண்டாவது நாற்பது நிமிடத்தில் கிடைப்பது 9 யூனிட். அதே நேரத்தில் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அடுத்த சார்ஜர் நிஜமாகவே தூரத்தில் இருந்தால் 90, 95 வரை காத்திருப்பதில் தப்பில்லை. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரிக்கு அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், சதவீதக் கணக்கு பிசகாமல் இருக்க. அதை வீட்டில் மெதுவாகச் செய்துகொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் வேண்டாம்.

வெயிலும் ஒரு காரணம். பங்குனி, சித்திரையில் மத்தியானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மாட்டினால் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். கார் தன்னைக் குளிர்வித்துக்கொண்டே சார்ஜ் வாங்கும், வேகம் குறையும். விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டால் பயப்படவேண்டாம்.

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கணக்கு

கம்பெனி சொல்கிற தூரத்தை மறந்துவிடுங்கள். அது சோதனைக் கூடத்துக் கணக்கு. நாலு பேர், சாமான்கள், குளிருக்குப் போடும் கார் ஏ.சி.யோடு நெடுஞ்சாலையில் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 45 யூனிட்டுக்கு 270 கிலோமீட்டர். இதில் ஏ.சி.யின் பங்கு கொஞ்சம்தான், மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வரும். சார்ஜைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. வேகம் கூடும்போது அது வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். பிள்ளைகளை வியர்க்க வைத்து யூனிட் மிச்சம் பிடிப்பதைவிட 100-ல் போவதை 85-க்கு இறக்குவது எவ்வளவோ மேல்.

விடியற்காலை ஐந்து மணிக்கு 100 சதவீதத்தோடு தாம்பரத்தில் கிளம்பினால், திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை சுமார் 170 கிலோமீட்டர். 35 சதவீதம் மிச்சமிருக்கும். அங்கே காலை டிபன். இட்லி, பொங்கல், காபி முடித்து எழுந்திருக்கும்போது 80-ஐத் தொட்டிருக்கும். அங்கிருந்து திருச்சி 130 கிலோமீட்டர். பெரம்பலூர், சமயபுரம் வழியாகப் போய் 30-ஐ ஒட்டிய சதவீதத்தில் இறங்கலாம். மத்தியானச் சாப்பாடு அங்கே. பிறகு விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை, 135 கிலோமீட்டர். மதுரையில் ஒரு தேநீர், கால் நீட்டிக்கொள்ள அரை மணி நேரம். கடைசித் துண்டான திருநெல்வேலி 160 கிலோமீட்டர் என்பதால் மதுரையில் மட்டும் 85 சதவீதம் வரை ஏற்றிக்கொள்வது நல்லது. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு தாண்டி ஊர் சேரும்போது கையில் 25 சதவீதம் இருக்கும்.

"ஏன் 30 சதவீதத்தோட நிக்கணும்? 10 வரைக்கும் ஓட்டினா ஒரு நிறுத்தம் குறையுமே?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த 30 சதவீதம் 80 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த சார்ஜர் ஓடவில்லை என்றால், அடுத்ததற்கோ, தேவைப்பட்டால் அதற்கும் அடுத்ததற்கோ போக அதுதான் நமக்குக் கைகாவல். நான் எப்போதும் வைத்திருக்கும் ஒரே கட்டாய விதி இது: ஒரு சார்ஜரை நம்பிக் கிளம்பக் கூடாது. அது இல்லையென்றால் எது என்று கிளம்பும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மத்திய மின்துறை 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு 25 கிலோமீட்டருக்கும் இரண்டு பக்கமும் சார்ஜிங் நிலையம் வேண்டும் என்றன. அதே வருஷம் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை சாலையில் தன் பங்க்குகளில் வேகச் சார்ஜர் தடம் ஒன்றைத் தொடங்கியது. நான் முதலில் போனபோது இருந்ததற்கு இன்றைக்குப் பலமடங்கு சார்ஜர்கள் இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் போய் நிற்கிற நேரத்தில் அந்த ஒரு பெட்டி ஓடவேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு பிளக்‌ஷேர் ஆப்பைப் பாருங்கள். கடைசியாகச் சார்ஜ் போட்டவர் என்ன எழுதியிருக்கிறார், எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். நேற்று ஒருவர் வெற்றிகரமாகப் போட்டிருந்தால் தைரியமாகப் போகலாம். ஒரு மாதமாக யாரும் எழுதவில்லை என்றால் அதை இரண்டாவது இடமாக வையுங்கள்.

சாலையின் எந்தப் பக்கம் என்று பார்ப்பதும் அவசியம். நடுவே தடுப்பு வைத்த நாலுவழிச் சாலை. மேப்பில் 'இதோ இருக்கிறது' என்று காட்டும் சார்ஜர் எதிர்ப்பக்கம் இருந்தால் மேம்பாலம் வரை போய்த் திரும்பி வரவேண்டும், பிறகு இன்னொரு தடவை திரும்ப வேண்டும். போகும்போது இடப்பக்கம் இருப்பவை ஒரு பட்டியல், வரும்போது இடப்பக்கம் இருப்பவை வேறு பட்டியல்.

டாடா பவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஸீயான், ஸ்டாட்டிக், சார்ஜ்ஸோன், ஜியோ-பிபி என்று சார்ஜர் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி ஆப், தனி வாலட். வழியில் இருப்பவற்றில் மூன்று நான்கை முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து இறக்கி, ஓ.டி.பி. எல்லாம் முடித்து, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு ரூபாய் போட்டு வையுங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகிற இடத்தில், பின்சீட்டில் குழந்தை அழ, புது ஆப்பில் பதிவு செய்வது பெரிய அவஸ்தை.

செலவு? யூனிட்டுக்கு 18-லிருந்து 25 ரூபாய் வரை, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சில ஆப்கள் வரியைச் சேர்க்காமல் விலை காட்டும், கவனியுங்கள். வழியில் மூன்று நிறுத்தத்திலும் சேர்த்து 70 யூனிட் ஏற்றினால் 1,500-லிருந்து 2,100 ரூபாய்க்குள் வரும். வீட்டில் போடுவதைவிட அதிகம்தான். ஆனாலும் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் காரில் இதே தூரத்துக்கு 3,700 ரூபாய்க்குக் குறையாது.

சார்ஜர் முன்னால் நிற்கும்போது

கார் மூடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப நிறுத்துங்கள். வேகச் சார்ஜரின் கேபிள் கனமானது, வளையாது, நீளமும் குறைவு. காரை அணைத்துவிட்டு கன்னை இரண்டு கையாலும் எடுத்து நேராக, கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். ஆப்பில் அந்தக் கன்னின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அல்லது கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த அரை நிமிடம், ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். இந்த நேரத்தில் பிடுங்கிவிடாதீர்கள். கார் கன்னைப் பூட்டிக்கொண்டு சார்ஜரோடு பேசிக்கொண்டிருக்கிறது: எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர், எங்காவது கசிவு இருக்கிறதா என்று சோதனை நடக்கிறது. அது முடிந்த பிறகே காருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரையில் எண்கள் ஓடத் தொடங்கும். சோதனை முடியாமல் மின்சாரம் பாயாது என்பதால்தான் தூறலிலும் பயமில்லாமல் போடமுடிகிறது. கன்னின் முனையை மட்டும் தரையில், தேங்கிய தண்ணீரில் வைத்துவிடாதீர்கள்.

சோதனை தோற்றுவிட்டால், கன்னின் கனத்தால் அது கீழ்நோக்கித் தொங்கி முனைகள் சரியாகப் பதியாமல் இருந்திருக்கலாம். கழற்றி, மறுபடி செருகி, எண்கள் ஓடும்வரை கன்னைக் கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எனக்குப் பாதித் தடவை இதிலேயே சரியாகியிருக்கிறது. இல்லையென்றால் அடுத்த கன். அதுவும் இல்லையென்றால் பெட்டியில் ஒட்டியிருக்கும் உதவி எண். அவர்களால் தூரத்திலிருந்தே பெட்டியை அணைத்துப் போடமுடியும், சார்ஜையும் தொடங்கிவைக்க முடியும்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விழுப்புரம் தாண்டி ஒரு ஓட்டலின் பின்பக்கம் நிறுத்தினேன். எனக்கு முன்னால் வந்தவர் கோபத்தோடு காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "காலைலேர்ந்தே ஓடலை சார்" என்றார் செக்யூரிட்டி பெரியவர். பெட்டியின் பக்கவாட்டில் காளான் போல ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், ஆபத்துக்கு அழுத்த. அது உள்ளே அமுங்கியிருந்தது. விளையாடிய குழந்தை யாரோ அழுத்தியிருக்க வேண்டும். உதவி எண்ணில் பேசினேன். சுற்றிலும் ஏதாவது கருகிய வாடையோ அறுந்த கேபிளோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "வலப்பக்கமா திருகுங்க சார்" என்றார் அந்தப் பெண். திருகியதும் பொத்தான் துள்ளி வெளியே வந்தது. இரண்டு நிமிடத்தில் திரை பச்சையானது. காலையிலிருந்து எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது. அந்தப் பெரியவருக்கும் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முடிக்கும்போது முதலில் ஆப்பில் நிறுத்துங்கள். ஆம்பியர் பூஜ்யத்துக்கு வந்த பிறகு காரின் பூட்டைத் திறந்துவிட்டு கன்னை இழுங்கள். பூட்டைத் திறக்காமல் இழுத்துவிட்டு 'மாட்டிக்கொண்டது' என்று பதறுகிறவர்கள் உண்டு. கன்னை அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போங்கள், கீழே போட்டால் அடுத்த லாரி ஏறிவிடும்.

பங்குனி உத்திரம், பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாட்களில் வரிசை இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள். 80 ஆனதும் காரை நகர்த்துங்கள். சாப்பாட்டு மேசையில் இருந்தாலும் ஒருவர் எழுந்து போய் நகர்த்தலாம். அடுத்தவர் கன்னை அவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எலக்ட்ரிக் காருக்கான பச்சை நம்பர் பிளேட்டோடு அங்கே வந்து நிற்கிறவர் உங்களைப் போலவே பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்தான். "சார், எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் தாங்கள் எந்தச் சார்ஜரில் போட்டு வந்தோம், எது ஓடவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

ஊரில்

சாஸ்தா கோயில் பக்கம் வேகச் சார்ஜரைத் தேடவேண்டாம். பெரியப்பா வீட்டிலேயே தங்குவதால் காரோடு வந்த கைச்சார்ஜரை மறக்காமல் எடுத்துப்போகச் சொன்னேன். மோட்டாருக்கோ கிரைண்டருக்கோ போட்ட 15 ஆம்ப் பிளக் போதும். மணிக்கு 3 யூனிட் ஏறும், எட்டு மணி நேரத் தூக்கத்தில் பாதிப் பேட்டரிக்கு மேல் ஆகிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்துப் போடக் கூடாது, சூடாகி உருகிவிடும். முதல் அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும்.

கைச்சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்தால் அநேகமாக எர்த் சரியில்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் எர்த் கம்பி அறுந்தே போயிருக்கும், அதை எலக்ட்ரீஷியன்தான் பார்க்கவேண்டும். கம்பி நன்றாக இருந்தும் எரிந்தால் எர்த் குழி காய்ந்திருக்கலாம். எங்கள் பெரியப்பா வீட்டில் போன கோடையில் அப்படித்தான் ஆனது. கொல்லைப்புறத்தில் குழி எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் போட்டோம். பச்சை எரிந்தது.